முதலில் மரத்தின் பெயர்

கடந்த வருடம் நடந்த கண்காட்சி ஒன்றில் நான் வைத்த அட்டையில், "பெயர்" என்ற இடத்துக்கு எதிரே "இன்னும் தெரியாது" என்று எழுதியிருந்தேன். நடுவர் ஒருவர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "பெயரே தெரியாத ஒன்றைப் பற்றி எங்களுக்கு என்ன சொல்லப் போறீங்க பிள்ளை?" என்று கேட்டார். பெயருக்கென ஒதுக்கியிருந்த பத்துப் புள்ளிகளில் ஒன்றுகூட எனக்குக் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்தால் வாப்பாவும் ஏறத்தாழ அதையேதான் கேட்டார். "தெரியாத சாமானை ஏன் மகள் தூக்கிக்கொண்டு போனீங்க? தெரிஞ்ச ஒன்றைச் செய்திருக்கலாமே."

அன்று இருவருக்கும் என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். புள்ளி போன கோபத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும். அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு.

நான் கொண்டுபோனது ஒரு கொப்பு. எங்கள் வீட்டு விறகுக் கொட்டிலின் ஓரத்தில் மழையில் நனைந்து கிடந்த, ஒரு சாண் நீளமான கொப்பு. அதன் பட்டையில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் இருந்தன. சுண்ணாம்பு தெறித்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். கைவில்லையால் பார்த்தபோது ஒவ்வொரு புள்ளியும் ஒரு கிண்ணமாக இருந்தது. குட்டையான காம்பு, அதன் மேல் வட்டக் கிண்ணம், உள்ளே இளமஞ்சள், விளிம்பைச் சுற்றிக் கண்ணிமை போல வெள்ளை மயிர்கள். அளவுகோலை வைத்துப் பார்த்தேன். மிகப் பெரியதுகூட ஒரு மில்லிமீற்றரைத் தாண்டவில்லை. இத்தனை நாளும் இதை நாங்கள் அடுப்பில் வைத்து எரித்துக்கொண்டிருந்தோம்.

கைத்தொலைபேசியில் படம் எடுத்து, பெயர் சொல்லும் செயலியில் இட்டேன். ஒரே கிண்ணத்தை மூன்று பக்கத்திலிருந்து எடுத்த மூன்று படங்களுக்கு அது மூன்று பெயர்களைத் தந்தது. அவற்றுள் 'லாக்னெல்லுலா' என்று தொடங்கும் பெயர் கேட்பதற்கு நன்றாக இருந்தபடியால் அதையே அட்டையில் அழகான எழுத்தில் எழுதினேன். வகுப்பு மட்டத்தில் தெரிவு நடந்தபோது அந்த அட்டைக்குப் பாராட்டும் கிடைத்தது. எவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இலத்தீன் பெயருக்கு நம்மிடையே அப்படி ஒரு மரியாதை.

கேட்டவர் ஒருவர்தான். தாவரவியல் படிக்கும் எமது பழைய மாணவி ஒருவர், நாங்கள் ராத்தா என்று கூப்பிடுபவர், எங்களுக்கு உதவி செய்ய ஒரு நாள் வந்திருந்தார். அட்டையை வாசித்தார். கொப்பைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன மரம்?"

"தெரியாது ராத்தா. விறகு."

"மரம் தெரியாமல் இந்தப் பெயரை எப்படி எழுதினீங்க?"

லாக்னெல்லுலா என்ற சாதியைச் சேர்ந்த பங்கசுக்கள் அனேகமாக ஊசியிலை மரங்களிலேயே வளர்கின்றன என்று அவர் விளக்கினார். லார்ச், பைன், பேர் போன்ற குளிர்நாட்டு மரங்கள். எங்கள் கொட்டிலில் அப்படி ஒரு மரமும் வந்ததில்லை. வகுப்பு முழுவதும் பாராட்டிய பெயர் ஒரே கேள்வியில் விழுந்துவிட்டது.

அன்று மாலை கொப்பை உம்மாவிடம் காட்டினேன், உம்மாவுக்கும் தெரியவில்லை. உம்மும்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. அவர் கத்தியை எடுத்து ஒரு முனையைச் சீவினார். "இது பலாக் கொப்பு மகள். உள்ளுக்கு மஞ்சளப் பாருங்க" என்றார். செயலியால் தர முடியாத முதல் தகவலை அவர் அரை நிமிடத்தில் தந்துவிட்டார்.

மரத்தில் வளரும் சின்னஞ்சிறு கிண்ணப் பங்கசுக்களைப் பொறுத்தவரை இந்த முதல் தகவல் அவ்வளவு பெரியது. அவற்றுள் பல எல்லா மரத்திலும் வளர்வதில்லை. சில ஒரே ஒரு மரத்தில் மட்டும் வளரும். சில அந்த மரத்திலும் பட்டையில் வளராமல் காய்க்கோதில் மட்டும் வளரும், அல்லது கடந்த வருடம் விழுந்த இலையின் காம்பில் மட்டும் வளரும். மாட்டின் எலிஸும் அவரது மனைவி பமெலா எலிஸும் 1985 இல் வெளியிட்ட நுண்பங்கசுக் கையேடு பிரித்தானியாவில் இத்துறையினர் பெரிதும் பயன்படுத்தும் நூல். அது தாவரங்களின்படி அடுக்கப்பட்டது. முதலில் மரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், பிறகு அந்த மரத்துக்குரிய பக்கத்தைத் திறந்து அங்குள்ள பங்கசுக்களோடு ஒப்பிட வேண்டும். மரம் தெரியாதவருக்கு அந்த நூலில் திறப்பதற்குப் பக்கமே இல்லை.

மரம் தெரிந்த பின்னும் நிறைய இருக்கிறது. ராத்தா எனக்குக் காட்டித் தந்தவற்றைச் சொல்கிறேன், யாராவது செய்து பார்க்கக்கூடும். கொப்பைப் பொலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டக் கூடாது. இரண்டு நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும். தீப்பெட்டியோ கடதாசி உறையோ போதும். காய்ந்தால் கிண்ணம் சுருங்கி வாயை மூடிக்கொள்ளும், மயிர்கள் மட்டும் ஒரு வெள்ளைப் பந்து போலத் தெரியும். ஈரக் கடதாசியோடு ஒரு கோப்பைக்குள் வைத்தால் சிறிது நேரத்தில் மெதுவாக வாயைத் திறக்கும். காய்ந்ததும் ஈரமானதும் இரண்டு வேறு பங்கசுக்கள் என்றே தோன்றும். ஆகவே இரண்டு நிலையிலும் வரைய வேண்டும். கிண்ணம் பட்டையின் மேல் உட்கார்ந்திருக்கிறதா, பட்டையைப் பிளந்துகொண்டு வந்திருக்கிறதா, காம்பு உண்டா, தனியாகவா கூட்டமாகவா, அடியிலுள்ள மரம் நிறம் மாறியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். குளோரோசிபோரியா என்ற சாதி மரத்தின் உட்பகுதியையே நீலப்பச்சையாக்கிவிடும். அப்படி நிறம் மாறிய மரத்துண்டுகளைப் பல நூற்றாண்டுகளுக்கு முன் இத்தாலியக் கைவினைஞர்கள் மரப்பதிப்பு வேலைகளில் பயன்படுத்தினார்கள்.

கிண்ணமாக இருப்பதெல்லாம் கிண்ணப் பங்கசும் இல்லை. மரப்பட்டைகளில் சின்னத் தட்டுகள் போலத் தெரிபவை பல இலைக்கன்கள். அவற்றில் பங்கசோடு அல்காவும் சேர்ந்து வாழ்கிறது, சுரண்டினால் உள்ளே பச்சை தெரியும். பறவைக்கூடு போன்ற கிண்ணத்துக்குள் முட்டைகள் போலச் சிறு உருண்டைகள் இருந்தால் அது சயாதஸ். மழைத்துளி விழும் வேகத்தில் அந்த முட்டைகள் தெறித்துப் பரவுகின்றன. பார்வைக்கு அச்சுப்பிசகாமல் கிண்ணப் பங்கசு போலவே இருந்தும், காளான்களின் கூட்டத்தைச் சேர்ந்த சிறு கிண்ணங்களும் இருக்கின்றன. அவற்றை நுணுக்குக்காட்டியில்லாமல் பிரித்தறிவது கடினம்.

நுணுக்குக்காட்டிக்குப் போகாமல் முடியாது என்பதுதான் இந்த விடயத்தில் கஷ்டமானது. எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். சவர அலகால் கிண்ணத்தின் மிக மெல்லிய ஒரு சீவலை எடுத்து, ஒரு துளி நீரில் வைத்து, கண்ணாடி மூடியை மெதுவாக அழுத்தினோம். எங்கள் ஆய்வுகூடத்து நுணுக்குக்காட்டியில் 400 மடங்கில் நீளமான பைகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. இவற்றைத்தான் உயர்தரப் பாடத்தில் கோணிகள் என்று படிக்கிறோம். ஒவ்வொரு கோணிக்குள்ளும் எட்டு வித்திகள். பரீட்சைக்காக எத்தனையோ தடவை வரைந்த படம் அது. புத்தகத்திலிருந்து அல்லாமல் எங்கள் வீட்டு விறகிலிருந்து அதைப் பார்த்தபோது நான் எண்ணியது எட்டுத்தானா என்று மூன்று தடவை சரிபார்த்தேன்.

பின்பு அயடீன் கரைசலில் ஒரு துளி விட்டோம். மாப்பொருளைச் சோதிக்கக் கீழ் வகுப்பிலிருந்தே நாம் பயன்படுத்தும் அதே கரைசல்தான். கோணியின் நுனியில் மட்டும் ஒரு நீலப் புள்ளி தோன்றியது. சில இனங்களில் அது நீலமாகும், சிலவற்றில் ஆகாது, அதுவும் அடையாளம். மயிர்களைப் பெருப்பித்துப் பார்த்தபோது அவற்றின் மேல் மணல் ஒட்டியது போலச் சொரசொரப்பு இருந்தது. அதைப் பார்த்த ராத்தா, "லாக்னம் சாதியாக இருக்கலாம்" என்றார். எந்த இனம் என்று கேட்டேன். "அதற்கு வித்திகளை அளக்க வேணும், உயிரோடு இருக்கும்போதே பார்க்க வேணும், இந்தப் பிராந்தியத்துப் பதிவுகளோடு ஒப்பிட வேணும். இன்றைக்கு எனக்குத் தெரியாது" என்றார். பட்டப்படிப்பில் இருப்பவர் இவ்வளவு சாதாரணமாகத் தெரியாது என்று சொன்னது எனக்குப் புதுமையாக இருந்தது.

உயிரோடு பார்க்க வேண்டும் என்பது அவரது சொந்தக் கருத்து இல்லை. ஹான்ஸ்-ஒட்டோ பரால் என்ற ஜேர்மனிய ஆய்வாளர் 1992 இலேயே இதை வலியுறுத்தி எழுதினார். கலங்கள் இறந்தால் சுருங்கிவிடும், உள்ளிருக்கும் எண்ணெய்த் துளிகள் கலைந்துவிடும், அளவும் மாறிவிடும். காய்ந்த மாதிரியை மட்டும் பார்த்து எழுதப்பட்ட பழைய விவரணங்களோடு புதிதாகப் பறித்ததை ஒப்பிடும்போது குழப்பம் வருவது அதனால்தான்.

வாப்பா இந்த இடத்தில், "சரி மகள், ஒரு மில்லிமீற்றர் சாமானுக்குச் சரியான பெயர் வைத்தால் என்ன, பிழையான பெயர் வைத்தால் என்ன?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. அதற்கு ஐரோப்பாவின் ஆஷ் மரத்தின் கதையைச் சொல்ல வேண்டும்.

ஆஷ் அங்கே மிகச் சாதாரணமாகக் காணப்படும் பெரிய மரம். அந்த மரத்தைக் காணாத நாங்களும் அதன் பலகையைக் கண்டிருக்கிறோம். கிரிக்கெட் ஸ்டம்புகளை அந்த மரத்தில் செய்வது வழக்கம். 1990களின் தொடக்கத்தில் போலந்தில் ஆஷ் மரங்கள் கொப்பு நுனியிலிருந்து பட்டுவரத் தொடங்கின. ஒவ்வொரு வருடமும் அது அயல் நாடுகளுக்குப் பரவியது. 2006 இல் தடேயுஷ் கொவால்ஸ்கி என்ற போலந்து ஆய்வாளர் நோயுற்ற கொப்புகளிலிருந்து ஒரு பங்கசைப் பிரித்தெடுத்து அதற்குக் 'கலாரா பிரக்சினியா' என்று பெயரிட்டார். அது பங்கசின் இலிங்கமில் நிலை மட்டுமே. அதன் கிண்ணம் எங்கே?

கிண்ணம் தரையில் கிடந்தது. முந்திய வருடம் விழுந்து கறுத்துப்போன ஆஷ் இலைக்காம்புகளில் கோடை காலத்தில் சில மில்லிமீற்றர் அகலமான வெள்ளைக் கிண்ணங்கள் முளைக்கும். அவற்றிலிருந்து எழும் வித்திகள் காற்றில் போய்ப் பச்சை இலைகளில் விழுகின்றன. இலை வழியாகப் பங்கசு கொப்புக்குள் நுழைகிறது. எல்லோரும் அண்ணாந்து மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நோய் காலடியில் இருந்தது. 2009 இல் கொவால்ஸ்கியும் சுவிற்சர்லாந்தில் பணியாற்றிய ஒட்மார் ஹோல்டன்ரீடரும் அந்தக் கிண்ணத்தை ஆராய்ந்து, அது 'ஹைமெனோசைபஸ் அல்பிடஸ்' என்று அறிவித்தார்கள். 19ஆம் நூற்றாண்டிலிருந்தே அறியப்பட்ட ஐரோப்பியப் பங்கசு அது. உக்கும் இலைக்காம்பைத் தின்று வாழும், ஒருவருக்கும் தீங்கு செய்ததில்லை. உருவமும் வளரும் இடமும் மரமும் எல்லாம் பொருந்தின.

ஒன்று மட்டும் பொருந்தவில்லை. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சாதுவாக இருந்தது திடீரென்று ஏன் மரங்களைக் கொல்ல வேண்டும்? டீ.என்.ஏ. ஒப்பீட்டில் விடை வந்தது. ஒரே மாதிரித் தெரிந்த கிண்ணங்கள் இரண்டு வேறு இனங்கள். கொல்வது புதிய இனம். அதன் உருவ ஒற்றுமையைக் குறிக்கும் வகையில் 'சூடோஅல்பிடஸ்' என்று 2011 இல் வெளியான கட்டுரையில் பெயரிட்டார்கள். இப்போது வழங்கும் 'ஹைமெனோசைபஸ் பிரக்சினியஸ்' என்ற பெயர் 2014 இல் வந்தது. அதன் ஊர் கிழக்காசியா. அங்குள்ள மஞ்சூரிய ஆஷின் இலைகளில் மரத்துக்குப் பெரும் தீங்கின்றி அது வாழ்ந்துவந்தது. யப்பானில் வேறொரு பெயரில் ஏற்கெனவே பதிவாகியும் இருந்தது.

அந்த இரண்டு வருடப் பிழைக்கு விலை இருந்தது. நோய் உண்டாக்குவது நாட்டில் ஏற்கெனவே இருக்கும் பங்கசு என்றால் வெளியிலிருந்து வரும் நாற்றுகளைத் தடுப்பதில் பொருளில்லை. பிரித்தானியாவில் 2009 இல் தடை பற்றிய பேச்சு எழுந்தபோது இந்தக் காரணமே குறுக்கே நின்றது. 2012 இன் தொடக்கத்தில் நெதர்லாந்திலிருந்து வந்த நாற்றுகளில், பக்கிங்ஹாம்ஷயர் நாற்றுமேடை ஒன்றில், நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த வருட இலையுதிர் காலத்தில் நோர்போக் காடுகளிலும் கண்டார்கள். இறக்குமதித் தடை ஒக்டோபர் கடைசியில் வந்தது. தடை முன்னரே வந்திருந்தாலும் காற்றில் வரும் வித்திகளைத் தடுத்திருக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். ஆயினும் நாற்றுகளோடு நோயைத் தாமே நாடு முழுவதும் கொண்டுபோய் நட்டிருக்க மாட்டார்கள்.

டீ.என்.ஏ. இல்லாமல் இந்த இரண்டையும் பிரிக்க முடியாதா? முடியும். பராலும் பெமன் என்ற ஆய்வாளரும் 2014 இல் அதைக் காட்டினார்கள். கொல்லும் இனத்தில் ஒவ்வொரு கோணியின் அடியிலும் கொளுக்கி போன்ற ஒரு சிறு வளைவு இருக்கிறது. சாது இனத்தில் அது இல்லை. நல்ல நுணுக்குக்காட்டியும் பொறுமையும் இருந்தால் காணக்கூடியது. கோடிக்கணக்கான மரங்களின் கதையில், அடையாளம் அந்தக் கொளுக்கியில் இருந்தது.

இந்தக் கதையில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இன்னொரு விடயம். பிழையைத் திருத்திய அந்த 2011 கட்டுரையை எழுதியவர்களின் பெயர்களில் கொவால்ஸ்கியும் இருக்கிறார், ஹோல்டன்ரீடரும் இருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் தாங்கள் அறிவித்ததைத் தாங்களே சேர்ந்து நின்று திருத்தினார்கள். அவர்களுக்கு யாராவது பத்துப் புள்ளி குறைத்திருப்பார்களா என்று தெரியவில்லை.

நமது நாட்டுக்கும் இதில் பழைய அனுபவம் உண்டு. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பொறுப்பாளராக இருந்த துவெயிற்ஸ் அனுப்பிய கோப்பி இலைகளைப் பார்த்தே பேர்க்லி 1869 இல் கோப்பித் துரு நோயின் பங்கசுக்குப் பெயர் வைத்தார். கோப்பி அழிந்து மலைநாடு தேயிலைக்கு மாறிய கதை நமக்குத் தெரியும். அது கிண்ணப் பங்கசு இல்லை. ஆனால் அதுவும் இலையின் பின்புறத்தில் ஒரு செம்மஞ்சள் தூளாகத்தான் முதலில் தெரிந்தது. பேராதனையில் பங்கசு ஆய்வாளராக இருந்த தோமஸ் பெட்ச், பிஸ்பியுடன் சேர்ந்து தொகுத்த இலங்கைப் பங்கசுக்களின் நூல், பெட்ச் இறந்த பின் 1950 இல் வெளிவந்தது. அந்தப் பட்டியல்களின் அடியில் யாரோ காட்டுக்குப் போய்க் கொப்பு பொறுக்கிய வேலை இருக்கிறது.

இனி என் கருத்துக்கு வருகிறேன். செயலிகளை வீசிவிடச் சொல்லவில்லை. பூவுக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் அவை நன்றாகவே உதவுகின்றன. ஆனால் படத்தில் மரம் இல்லை, கோணி இல்லை, அயடீன் நீலம் இல்லை. படத்தில் இல்லாததைச் செயலி எங்கிருந்து எடுக்கும்? அது தருவதைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம், அட்டையில் மையால் எழுதிவிடக் கூடாது.

கண்காட்சிகளை ஒழுங்கு செய்பவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. பெயருக்குப் பத்துப் புள்ளி என்றால், எந்த மரம், அதன் எந்தப் பகுதி, எந்தத் திகதி, எத்தனை மில்லிமீற்றர், காய்ந்தபோது எப்படி, நனைந்தபோது எப்படி என்பதற்கு இருபது கொடுங்கள். பெயரின் பக்கத்தில் "எப்படித் தெரியும்?" என்று ஒரு கோடு போடுங்கள். எனது முதல் அட்டையில் அந்தக் கோடு இருந்திருந்தால் நான் வெறுமையாகத்தான் விட்டிருப்பேன், பாராட்டும் கிடைத்திருக்காது. பிழையான பெயரோடு தெரிவான அதே கொப்பு, உண்மையான விவரங்களோடு போனபோது தோற்றது. இதைப் பார்த்துக்கொண்டிருந்த தரம் 8, 9 தங்கைமார் என்ன கற்றுக்கொண்டிருப்பார்கள்? தெரியாவிட்டாலும் ஒரு பெயரை எழுதிவிடு என்றுதானே?

பெற்றோரிடமும் ஒன்று. குப்பையைப் பொறுக்கி வீட்டுக்குள் கொண்டு வருகிறாள் என்று எங்களை ஏசாதீர்கள். விறகுக் குவியலில் பூரானும் தேளும் இருக்கும், பயம் சரிதான்; ஆகவே கிண்டும்போது தடி பாவிக்கிறோம், கையைக் கழுவுகிறோம், எதையும் வாயில் வைப்பதில்லை. இதற்குத் தேவையானது பத்து மடங்கு பெருப்பிக்கும் ஒரு கைவில்லை, சில வெற்றுத் தீப்பெட்டிகள், ஒரு பென்சில். தூர இடத்துக்கு அனுப்பவும் வேண்டாம். கிண்ணங்கள் வீட்டு வளவிலேயே இருக்கின்றன. உயிரியல் படிப்பதென்றால் மருத்துவம் ஒன்றுதான் என்று நினைக்கும் வீடுகளில் இதைச் சொல்வது சுலபமில்லை என்று எனக்குத் தெரியும். எங்கள் வீடும் அப்படிப்பட்ட வீடுதான்.

அந்தக் கொப்பின் ஒரு துண்டு இப்போது எங்கள் ஆய்வுகூட அலுமாரியில் தீப்பெட்டிக்குள் இருக்கிறது. மேலே "பலா, இறந்த கொப்பு, பட்டையோடு, மரத்தை அடையாளம் சொன்னவர்: உம்மும்மா" என்று மையாலும், "லாக்னம்?" என்று பென்சிலாலும் எழுதியிருக்கிறேன். மீதித் துண்டு கொட்டிலில் கிடக்கிறது. போன கிழமை மழை பெய்த பின் அதில் புதுக் கிண்ணங்கள் வந்திருப்பதாக வாப்பாதான் வந்து சொன்னார். உம்மா அதை இன்னும் அடுப்பில் வைக்கவில்லை.